நல்ல தண்ணீரில் கழுவிய பாட்டில்கள்

9.2. அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலை இருக்கிறது. அந்த ஆலைக்குக் கரண்ட் தயாரிக்கும் மின் நிலையத்தில் பதினோரு வருடமாகக் கொளஞ்சி காவல் காக்கும் எண் இது. பாய்லருக்குள் போகிற தண்ணீரின் பி.எச். அளவு. ஏழு என்றால் நடு. அதற்குக் கீழே இறங்கினால் தண்ணீர் புளிப்பு, மேலே ஏறினால் காரம். மிளகாய்க் காரம் இல்லை, சோப்புக் காரம். புளிப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும் என்பதால் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தண்ணீரைக் காரப் பக்கம் சாய்த்தே வைத்திருப்பார்கள். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அங்கே எழுதி ஒட்டியிருக்கும் எண்தான் 9.2. அது இறங்கினால் கண்ட்ரோல் ரூமிலிருந்து கொளஞ்சிக்குப் போன் வரும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் வரும்.

வேலையில் சேர்ந்த முதல் நாள், கேட்டில் செக்யூரிட்டி அவளை உள்ளே விடவில்லை. அவர் கையிலிருந்த தாளில் ‘திரு. கொளஞ்சி, கெமிஸ்ட்’ என்று இருந்தது.

“உங்க வூட்டுக்காரர் வரலீங்களா?” என்று கேட்டார்.

“நான்தாங்க கொளஞ்சி.”

“அப்ப இந்த திரு யாருங்க?”

ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தப் பக்கம் வைக்கிற பெயர் அது. கொளஞ்சியப்பர் சாமியை வேண்டிக்கொண்ட பிறகு பிறந்த பிள்ளை என்று அம்மா வைத்தது. சொந்த ஊர் குன்னத்துக்குப் பக்கம், வானம் பார்த்த கரிசல் காடு. அம்மா அடுத்தவர் கொல்லைக்காட்டில் பருத்தி எடுத்தார். அப்பா வெங்காய மூட்டை தூக்கினார். ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. கல்லூரியில் கணக்குப் பாடத்துக்கு இடம் தீர்ந்துபோய் வேதியியல் எடுத்தாள். அந்தப் பருப்பு வேகாததற்குக் காரணம் கால்சியம் என்று வகுப்பில் ஒருநாள் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் அம்மா விறகைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. குடும்பம் பெரம்பலூரில். கணவர் அறிவழகன் பேட்டரி கடை வைத்திருக்கிறார். “ரெண்டு பேரும் தண்ணி வித்துதான் பொழைக்கிறோம். நான் பேட்டரிக்கு ஊத்துறேன், அவ பாய்லருக்கு ஊத்துறா” என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். காலையில் அவர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட, அவள் அரியலூர் பஸ் ஏறுவாள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே பஸ் ஊர்ந்து போகும். ஆலை வாசலில் இறங்கும்போது புடவை எந்தக் கலராக இருந்தாலும் சாம்பல் கலர் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

அந்த மின் நிலையத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தண்ணீரைக் காய்ச்சி நீராவியாக்கி, அதை டர்பைன் மேல் அடித்துச் சுற்றவிடுகிறார்கள். சுற்றிவிட்டு வரும் நீராவியை மறுபடி தண்ணீராக்கி பாய்லருக்கே அனுப்புகிறார்கள். ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ இருக்கும் நிலையங்கள் நீராவியைக் குளிரவைக்கத் தண்ணீரையே பயன்படுத்தும். இங்கே அதற்குத் தண்ணீர் ஏது? அதனால் காற்று. ஆறு மாடி உயரத்தில் கூடாரம் போல இரும்புக் குழாய்களைச் சாய்த்து அடுக்கி, அடியிலிருந்து ராட்சத விசிறிகளால் ஊதுகிறார்கள். பேர் கண்டென்சர் என்றாலும் ஆலையில் எல்லோருக்கும் அது ‘கூடாரம்’தான். கொளஞ்சியின் தலைவலி தொடங்கியதும் அங்கேதான்.

போன வருடப் பராமரிப்பு நிறுத்தத்தின்போது கூடாரத்தின் உச்சியில் இருக்கும் பெரிய நீராவிக் குழாயின் மூடியைத் திறந்தார்கள். ஒரு பஸ் உள்ளே போகலாம், அத்தனை அகலம். கொளஞ்சி தலையில் லைட் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். பின்னாலேயே நிலையத் தலைவர் சாமிதுரை வந்தார். உடையார்பாளையம் பக்கத்துக்காரர், மெக்கானிக்கல் இன்ஜினியர், இப்போதும் வீட்டில் நாலு மாடு வைத்திருக்கிறவர். இருவர் காலடியிலும் வரிசை வரிசையாகச் சின்னக் குழாய்களின் வாய்கள். சுற்றிலும் எல்லா இடத்திலும் இரும்பு கறுப்பாக, அதைக் காக்கும் படிவத்தோடு இருந்தது. அந்த வாய்களில் மட்டும் வெள்ளை வெளேரென்று வெறும் இரும்பு பளபளத்தது.

சாமிதுரை குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். “எங்க வூட்டு மாடு கல்லுப்ப நக்குன மாதிரியில்ல இருக்கு?”

கொளஞ்சி தலை லைட்டை அடுத்த வாய்க்குத் திருப்பினாள்.

“பேப்பர்ல வருசம் பூரா 9.2 தானேம்மா?”

“ஆமாங்க சார்.”

“மீட்டர் சரியா இருக்குல்ல?”

“நேத்துகூட செக் பண்ணேங்க சார்.”

“அப்ப இத யாரு நக்குனா?”

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி கொளஞ்சிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று வருடம் இப்படியே போனால் வாய் ஓட்டையாகும். ஓட்டை வழியே காற்று உள்ளே போகும். கோடையில், ஆலைக்கு அதிகக் கரண்ட் வேண்டிய நேரத்தில், டர்பைன் திணறும். அதெல்லாம் சாமிதுரையின் கவலை. அவளுடைய கவலை வேறு. தண்ணீர் சரியாக இருக்கிறது என்று பதினோரு வருடமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவள் அவள். தண்ணீர் சரியாக இருக்கும்போதே இரும்பு கரைகிறது என்றால், தான் அளப்பது வேறு எதையோ.

படித்துப் பார்த்ததில் பாதி விடை கிடைத்தது. நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது அம்மோனியா உடனே இறங்கி வருவதில்லை. பஸ் நின்ற பிறகும் சீட்டை விட்டு எழ மனமில்லாதவர்களைப் போல, அது நீராவியிலேயே தங்கிவிடுகிறது. அதனால் முதன்முதலில் உருவாகும் துளியில் காரம் குறைவு. அந்த முதல் துளிதான் குழாய் வாயில் வேகமாக மோதுகிறது. கீழே தொட்டியில் எல்லாம் சேர்ந்த பிறகு அளந்தால் 9.2 காட்டும். மேலே, மோதும் இடத்தில், எவ்வளவு? அங்கே கையை விட்டு அளக்க வழியில்லை.

மருந்து விற்க வருகிறவர்களிடம் எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. இரும்பின் மேல் எண்ணெய்ப் படலம் போல ஒட்டிக்கொள்ளும் புது மருந்து ஒன்று வந்திருக்கிறது, ஊற்றினால் தீர்ந்தது என்றார்கள். அது கூடாரத்தின் உச்சி வரை போய்ச் சேருமா, எவ்வளவு ஊற்றினால் போதும், பாய்லர் சூட்டில் உடைந்து என்னவாகும் என்று கொளஞ்சி கேட்டால், பையிலிருந்து இன்னொரு வண்ணப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இந்த நேரத்தில்தான் திருச்சியில் ஒரு கல்லூரி, சுற்று வட்டார ஆலைகளின் கெமிஸ்டுகளைக் கூப்பிட்டது. பாய்லர் தண்ணீர் விஷயத்தில் என்ன ஆராய்ச்சி தேவை என்று ஆலைக்காரர்களிடமே கேட்கும் கூட்டம். ஒருவர் மலிவான மருந்து வேண்டும் என்றார். ஒருவர் துடைக்காமலே வேலை செய்யும் மீட்டர் வேண்டும் என்றார். பின்வரிசையில் இருந்த ஒருவர் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றார். கொளஞ்சியின் முறை வந்தது.

“எங்க கூடாரத்துல, குழாய் வாயில விழுற முதல் துளியோட பி.எச். எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும் சார்.”

கூட்டத்தை நடத்திய ஆராய்ச்சியாளர் முத்தமிழ்செல்வன் எழுதுவதை நிறுத்தினார். நரைக்கத் தொடங்கிய தாடி, சிரிக்காமல் ஜோக் அடிக்கிற முகம். “எனக்கும்தான் தெரியணும் மேடம்” என்றார். “கல்யாணம் ஆனதுலேருந்து இந்த ஒண்ணத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

அவரிடம் ஒரே ஓர் ஆலையில் இரண்டு வருடம் ஆய்வு நடத்த அனுமதி இருந்தது. இரண்டு ஆலைகள் பட்டியலுக்கு வந்தன. ஒன்று கொளஞ்சியின் நிலையம், இன்னொன்று ஒரு சர்க்கரை ஆலை. இரண்டும் ஒரு வாரத்து மாதிரிகளை அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத் தேர்வுக் குழு முடிவு செய்யும். கிடைத்தால் அவள் கேள்விக்கு ஆளும் கருவியும் வரும். கிடைக்காவிட்டால் அடுத்த நிறுத்தத்திலும் அவள் உள்ளே இறங்கி, அந்த வெள்ளை வாய்களைப் பார்த்துவிட்டு ஏறி வருவாள். அவ்வளவுதான்.

சாமிதுரை ஒப்புக்கொள்ள யோசித்தார். வெளி ஆட்கள் வந்து நம் வண்டவாளத்தை எழுதிக்கொண்டு போவார்கள் என்ற பயம். “ஒரே ஒரு தடவை அனுப்பு. நல்லபடியா வந்தா பாப்போம். ஏதாவது எசகுபிசகா வந்துச்சுன்னா அதோட விட்டுடணும், சரியா?”

“சரிங்க சார்.”

ஆய்வகத்தில் பாட்டில் கழுவ ஆண்டாயி இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், காண்ட்ராக்ட் ஆள். அதுவரை கேன்டீனில் பாத்திரம் கழுவியவர். பழைய ஆள் நின்றுவிட்டதால் அந்த மாதம்தான் இங்கே மாற்றியிருந்தார்கள். ஆட்கள் எதிரில் ‘மேடம்’ என்பார், ஆள் இல்லாதபோது ‘பாப்பா’.

“ஆண்டாயிக்கா, இது ரொம்ப முக்கியமான பாட்டில். திருச்சிக்குப் போகுது. எல்லாத்தையும் நல்ல தண்ணில மூணு தடவ கழுவிக் கவுத்து வைங்க.”

“நீ போ பாப்பா. கண்ணாடி மாதிரி வச்சிடறேன்.”

வைத்தார். கொளஞ்சி தினமும் காலையில் தண்ணீர் ஓடும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில் வீதம் மாதிரி பிடித்தாள். அதோடு, குழாயிலிருந்து வரும் தண்ணீரை நேராக வெள்ளை வடிதாள் வழியே ஓடவிட்டாள். தண்ணீரோடு வரும் இரும்புத் துகள் தாளில் தங்கும். டீ சிந்திய வேட்டி போலத் தாள் பழுப்பாகும். எவ்வளவு பழுப்போ அவ்வளவு இரும்பு. எல்லாம் திருச்சிக்குப் போனது.

பத்து நாள் கழித்து முத்தமிழ்செல்வன் கூப்பிட்டார். குரலில் ஜோக் இல்லை.

“மேடம், உங்க பாட்டில்ல சோடியம் இருக்கு. குளோரைடு, கால்சியம் எல்லாம் இருக்கு. இருக்க வேண்டியதவிட பத்து மடங்கு. கண்டென்சர் லீக்குங்களா?”

“சார், லீக் ஆக எங்க கண்டென்சர்ல தண்ணியே கிடையாது. எங்களுது காத்து.”

“ஆமால்ல. அப்ப எங்கேருந்து வருது?”

“தெரியலீங்க சார்.”

“குழு வர்ற வெள்ளிக்கிழமை உக்காருது. சர்க்கரை ஆலை ரிசல்ட் சுத்தமா இருக்கு. சொல்லிட்டேன், பாத்துக்கோங்க.”

அறிக்கையின் நகல் சாமிதுரைக்கும் போயிருந்தது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். அன்றைக்கு மூடி படாத பாடு பட்டது.

“சோடியம் நீராவில போனா டர்பைன்ல படியும். தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“அப்ப நான் டர்பைன நிறுத்தித் தொறந்து பாக்கணும். இல்லன்னா உன் லேப் தப்புன்னு ஒத்துக்கணும். ரெண்டுல எது?”

“நாளைக்குச் சொல்றேன் சார்.”

“திருச்சிக் கத அதோட முடிஞ்சுச்சு. அதச் சொல்லவே வேணாம்.”

கொளஞ்சி ஆய்வகத்துக்கு வந்து அறிக்கையை விரித்தாள். முதலில் லைனில் மாட்டியிருக்கும், உப்பைக் காட்டும் மீட்டரைப் பார்த்தாள். தண்ணீரில் அத்தனை உப்பு இருந்திருந்தால் அந்த முள் துள்ளியிருக்க வேண்டும். வாரம் முழுக்க அது தூங்கியிருந்தது. அடுத்து, ஒரே இடத்தில் ஒரு நிமிட இடைவெளியில் பிடித்த இரட்டைப் பாட்டில்களை ஒப்பிட்டாள். ஒன்றில் சோடியம் அதிகம், கூடப் பிறந்ததில் பாதிதான். ஒரு நிமிடத்தில் பாய்லர் மனசு மாறாது. ஆக, உப்பு ஆலையிலிருந்து வரவில்லை. பாட்டிலோடு வந்திருக்கிறது.

எந்தத் தண்ணீர் பாட்டிலுக்குள் போயிருக்கும்? வளாகத்தில் பல தண்ணீர் உண்டு. ஒரு காலத்தில் கடல் கிடந்த பூமி, வெட்டுகிற கல்லில் இன்றும் சிப்பி வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் சுரங்கப் பள்ளத்துத் தண்ணீரும் கால்சியத்தில் ஊறியவை. ஒவ்வொன்றிலும் ஒரு குடுவை பிடித்து வந்து, கால்சியத்துக்கும் சோடியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தாள். கிணறு பொருந்தவில்லை. சுரங்கம் பொருந்தவில்லை. கேன்டீன் வாசலில் இருக்கும் கொள்ளிடத் தண்ணீர் குழாய் அச்சாகப் பொருந்தியது. ஆலை முழுக்கக் குடிப்பதற்கு வரும் தண்ணீர் அது. ஆய்வகத்துக்கு அதன் லைனே கிடையாது.

ஆண்டாயி வெளியே வெயிலில் துணியை உலர்த்திக்கொண்டிருந்தார்.

“அக்கா, அன்னிக்கு அந்தத் திருச்சிப் பாட்டிலயெல்லாம் எதுல கழுவுனீங்க?”

“நல்ல தண்ணிலதான்.”

“எந்தக் குழாய்ல?”

“இங்க எங்க நல்ல தண்ணி வருது? கேன்டீன் வாசலுக்குப் போயி குடத்துல தூக்கிட்டு வந்தேன். நாலு நட. இடுப்பு கழண்டு போச்சு. முக்கியமான பாட்டில்னு சொன்னியே பாப்பா.”

கொளஞ்சி ஜன்னல் வழியே ஆய்வகத்தின் வெள்ளைக் குழாயைக் காட்டினாள். “இந்த வெள்ளக் குழாய்ல வர்றது?”

“அதுவா? அது மெஷினுக்கு ஊத்துற தண்ணியில்ல? அத நான் ஒரு நா வாயில வச்சுப் பாத்தேன். சப்புன்னு கெடக்கு. பல்லுல உப்பும் இல்ல, நாக்குல ருசியும் இல்ல. அதப் போயி யாராச்சும் நல்ல தண்ணின்னு சொல்லுவாங்களா?”

கொளஞ்சிக்கு முதலில் அழுகை வருவதுபோல இருந்தது. வந்தது சிரிப்பு. அரியலூரிலும் பெரம்பலூரிலும் யாரைக் கேட்டாலும் தண்ணீர் இரண்டே வகைதான். புழங்குவது உப்புத் தண்ணி, குடிப்பது நல்ல தண்ணி. அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு இதே குழாய்க்குத்தான் போயிருப்பார். ஆய்வகத்தில் மட்டும், உப்பை ஒரு பொட்டு இல்லாமல் நீக்கிய டி.எம். தண்ணீருக்கு அவளாக வைத்துக்கொண்ட செல்லப் பெயர் ‘நல்ல தண்ணி’. பழைய ஆளுக்கு அது பழக்கம். புது ஆளுக்கு விளக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“ஏன் பாப்பா சிரிக்கிற? தப்பாப் போச்சா?”

“நீங்க கழுவுனதுல ஒரு தப்பும் இல்லக்கா. ரொம்ப நல்லாக் கழுவிட்டீங்க.”

“பின்ன?”

“நம்ம பாய்லருக்கு நல்ல தண்ணி ஒத்துக்காது.”

ஆண்டாயி கூடாரம் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார். “என்ன சென்மமோ அது.”

மறுநாள் காலை கொளஞ்சி சாமிதுரையின் அறைக்குப் போனாள்.

“சார், டர்பைனத் தொறக்க வேணாம். பாட்டில் கழுவுன தண்ணில வந்த உப்பு.”

“எந்தத் தண்ணில கழுவுனாங்க?”

“நல்ல தண்ணில, சார்.”

“நல்ல தண்ணில கழுவுனா எப்படிம்மா உப்பு வரும்?”

“நீங்க எந்த நல்ல தண்ணியச் சொல்றீங்க சார்?”

சாமிதுரை மேஜை மேல் இருந்த குடிதண்ணீர் டம்ளரைப் பார்த்தார். பேனா மூடி நின்றது.

“ஐயையோ” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் கேட்டார். டர்பைனை நிறுத்த வேண்டாம் என்றதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சாய்ந்த பிறகுதான் கோபம் நினைவுக்கு வந்தது. “அந்தம்மாவக் கேன்டீனுக்கே திருப்பி அனுப்பிடு.”

“அவங்க நான் சொன்னதத்தான் சார் செஞ்சாங்க. நான் சொன்னதுல ரெண்டு தண்ணி இருந்துச்சு.”

சாமிதுரை பேனாவை மேஜை மேல் வைத்தார்.

“இன்னொரு தடவ அனுப்பறேன் சார்.”

“ஒரே தடவன்னுதானே சொன்னேன்?”

“ஆமாங்க சார். அந்த ஒரு தடவ நம்ம பாய்லர் தண்ணிய அனுப்பவே இல்லியே. கொள்ளிடத்தத்தான் அனுப்பியிருக்கோம்.”

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “போ. ஆனா அவங்ககிட்ட நீயே பேசிக்க. நான் பேச மாட்டேன்.”

முத்தமிழ்செல்வனிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. பாட்டில் கழுவிய கதையை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“மேடம், இத அப்படியே நான் குழுவுக்கு எழுதுனா, மாதிரி எடுக்கத் தெரியாத ஆலைன்னு சொல்லுவாங்க.”

“எழுதுங்க சார். கூடவே வடிதாளப் பத்தியும் எழுதுங்க. அது பாட்டிலத் தொடவே இல்ல. லைன்லேருந்து நேரா தாளுக்குப் போனது. சோடியம் தப்பு. இரும்பு தப்பில்ல.”

தாள் புரளும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பழுப்பு வட்டங்களை எடுத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

“நல்லாவே பழுத்திருக்கு” என்றார் கடைசியில். “சரி. புதன்கிழமைக்குள்ள புதுசாப் பிடிச்சு அனுப்புங்க. அதோட ஒரு பாட்டில் கூடுதலா வேணும். அதுல மாதிரி பிடிக்காதீங்க. மத்ததக் கழுவுன அதே தண்ணில கழுவி, அதே தண்ணிய ஊத்தி மூடிடுங்க. நான் மொதல்ல அதத்தான் டெஸ்ட் பண்ணுவேன். அது சுத்தமா இருந்தா மத்ததப் பாப்பேன். இல்லன்னா மூடியக்கூடத் தொறக்க மாட்டேன்.”

“இத மொதல் தடவயே நான் செஞ்சிருக்கணும் சார்.”

“நானும்தான் கேட்டிருக்கணும். ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுக்கிறாங்க, பாருங்க.”

இரண்டாம் முறை கழுவும்போது ஆண்டாயிக்குக் கையும் ஓடவில்லை, வாயும் நிற்கவில்லை. வெள்ளைக் குழாயைத் திறக்கும் முன் கொளஞ்சியின் முகத்தைப் பார்த்தார்.

“இதுதானே? அப்புறம் மாத்திச் சொல்லாத.”

“இதேதான்க்கா.”

“இதுக்கு ஒரு பேர வைய்யி மொதல்ல. டியெம்மு கியெம்முனா என் வாயில நுழையாது.”

“நீங்களே வைங்க.”

ஆண்டாயி உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து உறிஞ்சி முகத்தைச் சுளித்தார். “சப்பத் தண்ணி.”

அன்றிலிருந்து ஆய்வகத்தில் அதுதான் பெயர். ஷிப்ட் மாறும்போது இன்ஜினியர்களும் ‘சப்பத் தண்ணி டேங்க் லெவல் என்ன?’ என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது.

கூரியரில் போட கொளஞ்சிக்கு மனமில்லை. தெர்மாகோல் பெட்டியில் பாட்டில்களை அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு தானே திருச்சி பஸ் ஏறினாள். கண்டக்டர் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

“மீனுங்களா? நாறுனா எறக்கி விட்டுருவேன்.”

“தண்ணிங்க.”

“வெறுந்தண்ணியா? எங்க கொண்டு போறீங்க?”

“திருச்சிக்கு.”

“திருச்சிக்கா? காவேரிக்கா தண்ணி கொண்டு போறீங்க?” பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். லால்குடி தாண்டும் வரை அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. கொளஞ்சி பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. கொளஞ்சி அன்று வேலைக்கு வந்து, அம்மோனியா டேங்கை நிரப்பி, மீட்டரைத் துடைத்து, மதியம் டப்பாவைத் திறந்து மூடி வைத்தாள். பசிக்கவில்லை. சாமிதுரை இரண்டு முறை ஆய்வகப் பக்கம் வந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாதவர்போலத் திரும்பிப் போனார். மூன்றாவது முறை உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், அந்தக் கூடுதல் பாட்டில் சுத்தம்” என்றார் முத்தமிழ்செல்வன். “மத்ததுலயும் சோடியம் இல்ல. ஆனா வடிதாள் மறுபடியும் பழுப்பு. போன தடவயவிடக் கொஞ்சம் ஜாஸ்தியே.”

“குழு என்ன சொல்லுச்சுங்க சார்?”

“ரெண்டு பேரு உங்க பாட்டில் கதையக் கேட்டு ஒத்துக்கவே இல்ல. சர்க்கரை ஆலைக்கே குடுத்துருவோம்னாங்க. கடைசில எங்க டைரக்டர் கேட்டாரு. அங்க தண்ணியும் சுத்தம், தாளும் வெள்ள. அங்க போயி நாம என்னத்தத் தேடப் போறோம்னு.”

சாமிதுரை முன்னால் குனிந்தார்.

“உங்க நிலையம்தான்” என்றார் முத்தமிழ்செல்வன். “ஆனா ஒண்ணு சொல்லிடறேன். முதல் துளிய நேரா அளக்க எங்ககிட்டயும் கருவி இல்ல. அது விழுற எடத்துல இரும்புத் துண்டக் கட்டி வச்சு, எவ்வளவு கரையுதுன்னு பாத்து, பின்னாலேருந்து கணக்குப் போடணும். அந்தப் படல மருந்த ஊத்திப் பாக்கிறது ரெண்டாவது வருசத்துலதான். விடை வராமலும் போகலாம்.”

“பரவால்ல சார்.”

“உங்க தலைவர் ஒத்துக்குவாருங்களா? கூடாரத்துக்குள்ள ஆள எறக்கணும்.”

கொளஞ்சி சாமிதுரையைப் பார்த்தாள். பேச மாட்டேன் என்று சொன்ன மனிதர் போனை நோக்கிக் கொஞ்சம் உரக்கவே பேசினார். “சாமிதுரைங்க சார். வரச் சொல்லுங்க. உள்ள வழுக்கும், நல்ல ஷூவாப் போட்டுட்டு வரச் சொல்லுங்க.”

போனை வைத்த பிறகு கொளஞ்சி டப்பாவைத் திறந்து ஆறிப்போன தயிர் சாதத்தைச் சாப்பிட்டாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அறிவழகனுக்குச் செய்தி சொன்னாள். அவர் கடையிலிருந்த யாரிடமோ, “நம்ம வூட்ல ரெண்டு வருசத்துக்கு வேற பேச்சே இருக்காது” என்று சொல்வது அவள் காதில் விழுந்தது.

இந்த வருட நிறுத்தம் ஜூலை இரண்டாவது வாரம். திருச்சியிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். கூடாரத்தின் கிழக்குப் பக்கத்தில், கொளஞ்சி வரைபடத்தில் குறித்துவைத்திருக்கும் குழாய் வாய்களில் எடை போட்ட இரும்புத் துண்டுகளைக் கட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து அவற்றை அவிழ்த்து மறுபடி எடை போடுவார்கள்.